சண்முகவடிவு மேடமும் தடித்த நெக் கிட்டாரும்

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வணிகவியல் துறை சண்முகவடிவு மேடம் அன்று காலை மாரடைப்பால் காலமானார் என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் குழுவில் செய்தி வந்திருந்தது. மாலைவரை அவருடைய மாணவிகள் எழுதிய அஞ்சலிகளை ஒவ்வொருவராகப் பகிர்ந்தபடி இருந்தார்கள். நான் போனால் எனக்கு இத்தனை பேர் எழுதுவார்களா என்றுதான் முதலில் தோன்றியது. அவரைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது சரியாக இராது.

நாற்பது வயதில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் தென்காசியில் கிட்டார் வகுப்பில் சேர்ந்தோம். கடையில் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இரண்டு கிட்டார்கள் இருந்தன. ஒன்றின் நெக், அதாவது இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி, மெல்லியது, மற்றது தடித்தது. மெல்லியதுதான் பிடிக்கச் சுகம் என்று எங்கோ படித்திருந்தேன். முந்திக்கொண்டு அதை எடுத்தேன்.

"எனக்கு எதுன்னாலும் சரிதான் மேடம்" என்று அவர் மற்றதை எடுத்துக்கொண்டார்.

ஒரே மாதத்தில் என் கட்டைவிரலின் அடிப்பாகம் வலித்தது. எனக்கு அகன்ற உள்ளங்கை, நீண்ட விரல்கள். மெல்லிய நெக் அந்தக் கையை நிரப்பவில்லை. பல தந்திகளை ஒருசேர அழுத்தும் கார்டுகளைப் பிடிக்கும்போது உள்ளங்கை காலியாக நிற்க, கட்டைவிரல் இடுக்கிபோல் அழுத்தியது. "மேடம், கார்டு பிடிக்கீங்களா, கொதிக்க சட்டிய இறக்குதீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். வகுப்பே சிரித்தது. வடிவு மேடம் சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவருடைய கை சிறுமியின் கைபோலச் சின்னது. ஆனாலும் புதிதாகப் பழகுபவர்களுக்குக் கடினமான எஃப் கார்டைத் தெளிவாக ஒலிக்கச் செய்த முதல் ஆள் அவர்தான். காரணம் நெக்தான் என்று முடிவு செய்து, இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவியைக் கொண்டுபோய் இரண்டையும் அளந்தேன். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்.

"மூணு மில்லிமீட்டர்லயா மேடம் பாட்டு இருக்கு?" என்றார். கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சாரல் பருவத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் குற்றாலம் போனோம். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. லாட்ஜ் வராந்தாவில் அவர் ஒரு மணி நேரம் வாசித்தார், முதல்வர்கூடப் பாடினார். என் கிட்டார் உறையை விட்டு வெளியே வரவில்லை. முடிந்ததும் அவர் கையை உதறிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு வாரத்துக்கு மாத்திக்கிடுவோமா? ஒங்களுக்கும் சௌகரியமா இருக்கும்லா."

எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவேன் என்று காட்டுகிறார் என நினைத்தேன். "வேண்டாம். எனக்கு இது பழகிட்டு" என்றேன்.

"சரி மேடம்" என்றார். பிறகு அவர் கேட்கவேயில்லை. சில மாதங்களில் நான் வகுப்பை விட்டேன். அவர் விடவில்லை.

பாவூர்சத்திரத்தில் துக்கம் விசாரிக்கப் போனபோது அவருடைய கணவர், எல்லோரும் அண்ணாச்சி என்று அழைப்பவர், தானாகவே கிட்டார் பேச்சை எடுத்தார். தடித்த நெக்கைச் சுற்றி விரல் எட்டாமல் மணிக்கட்டை வளைத்து வளைத்தே அது வீங்கிவிடுமாம். வகுப்பு முடிந்து வந்தால் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"வேற வாங்கித் தாரேன்ட்டின்னு சொன்னேன். 'எங்க காலேஜ்ல ஒரு மேடம் வச்சிருக்காங்க, அது மாதிரி கெடைச்சா என் கைக்கு அமைஞ்சிரும்'னா. நானும் போற கடையெல்லாம் பாத்தேன். கெடைக்கல மேடம்."

அந்த மேடம் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

கிளம்பும் முன் அந்தக் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் உள்ளங்கையில் அது பொருந்தி உட்கார்ந்தது. நெக்கின் பின்புறம், நடுவில் அல்ல, கீழ் விளிம்போரமாக மெருகு தேய்ந்து மரம் தெரிந்தது. நடுவரை எட்டாத கட்டைவிரல் ஆண்டுக்கணக்கில் அழுந்திய இடம். என் கிட்டாரின் பின்புறம் வாங்கிய நாள்போலவே பளபளக்கிறது.

போய் வாருங்கள், வடிவு மேடம். அந்தத் தேய்மானத்தின் மீது எனக்கு இப்போதும் பொறாமைதான்.