புங்கமரத்தடி முயல்கள்

இரண்டு முயல்களும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு மிக்சி அட்டைப்பெட்டியில். முன்பு என் மகளோடு ஒரே வகுப்பில் படித்த தோழி ஒருத்தி சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே பார்த்த அடுக்குமாடி வீட்டில் பிராணிகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறிப் போனோம். திரும்பும்போது என் மடியில் பெட்டி இருந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். இரண்டும் பொட்டை என்று அந்த வீட்டில் உறுதியாகச் சொன்னார்கள். பத்து வயது மகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்து, மூக்கு ஆடுகிறது, உயிரோடுதான் இருக்கிறது என்று தகவல் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கும் அவளுக்குக் குறையாத ஆவல். முப்பத்தெட்டு வயதில் அன்றுதான் முதல்முறையாக ஒரு முயலைத் தொட்டிருந்தேன்.

லாரி கேபின் சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைப்பது என் தொழில். முன்னறையில்தான் தையல் மெஷின். முயல்கள் வீட்டுக்குள் இருந்தது மூன்றே நாள். முதல் நாள் செல்போன் சார்ஜர் வயர் போனது. இரண்டாம் நாள், டிரைவர் சீட்டுக்கு வெட்டி வைத்திருந்த மெரூன் ரெக்சினின் ஓரம். மூன்றாம் நாள் மெஷின் மோட்டாருக்குப் போகும் வயரிலேயே வெள்ளை வாய் வைத்துவிட்டது. சுவிட்சை அணைக்க நான் பாய்ந்த பாய்ச்சலில் ஸ்டூல் கவிழ்ந்து முழங்கால் வீங்கியது. இவற்றுக்கு வெளியேதான் வீடு என்று அன்று சாயங்காலமே முடிவானது.

முடிவைக் கேட்டதும் அதிகம் குதூகலித்தவர் என் கணவர். அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. இத்தனை வருடத்தில் எத்தனையோ லாரிகளுக்கு உடம்பு கட்டிக் கொடுத்தவருக்கு, தன் வீட்டுக்கென்று ஒன்று கட்டுவதில் அப்படி ஒரு சந்தோஷம். மகளின் கணக்கு நோட்டில் படம் போட்டார். இரும்பு ஆங்கிளில் சட்டம், நான்கு கால், பலகைத் தரை, மேலே தகரக் கூரை. கதவுக்கு லாரிப் பின்கதவில் போடுகிற கொக்கியே வைத்தார். ஓய்வு நாளில் வெல்டிங் முடிந்து, கூண்டு வாடகை டெம்போவில் வந்து இறங்கியபோது தெருவே எட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் முதல் குறை சொன்னார். அவர்கள் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பம். அக்காவின் தம்பி கோழிப்பண்ணைக்குக் கூண்டு போடுகிறவர் என்பதால் அக்காவுக்கும் வலையைப் பற்றித் தெரியும். என் கணவர் சுற்றிலும் அடித்திருந்தது அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழி வலை. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், கீரி உள்ளே வராமல் தடுக்காது என்றார் அக்கா. தன் வீட்டுப் பூனையையே அதற்குச் சாட்சியாகக் காட்டினார். அது அப்போதே மதில்மேல் உட்கார்ந்து கூண்டை அளவெடுத்துக்கொண்டிருந்தது. இவர் முகம் ஒரு நிமிடம் வாடியது. மறுநாளே அரை அங்குலக் கண் வைத்த கனமான கம்பி வலை வந்தது. எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தோம். தரைப்பலகைமேல் வைக்கோல் பரப்பினோம். வெள்ளையும் சாம்பலும் உள்ளே போய் ஒவ்வொரு மூலையாக முகர்ந்து பார்த்துவிட்டு, நடுவில் வயிறு பதியப் படுத்தன. பிடித்துவிட்டது என்று மூன்று பேரும் கை தட்டினோம்.

பிடித்தது பங்குனி வெயில் ஏறும்வரைதான்.

ஒருநாள் மத்தியானம் துணி எடுக்கப் பின்பக்கம் போனவள் கூண்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சாம்பல் நிழல் மூலையில் ஒண்டியிருந்தது. வெள்ளை நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. காதுகள் உள்பக்கம் ரத்தமாகச் சிவந்திருந்தன. தகரக் கூரையைத் தொட்ட என் விரல் சுட்டது. தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். குடத்தைச் சாய்க்கப் போன கையை ஏதோ ஒரு பயம் நிறுத்தியது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் எண் அக்காவிடம் இருந்தது. மதில் வழியாகக் கூப்பிட்டு, அக்கா போன் போட்டுக் கொடுக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"தண்ணிய மேல ஊத்தாதீங்கம்மா, ஐஸும் வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "சாதாத் தண்ணியில துணிய நனைச்சுக் காதை மட்டும் துடைங்க. அதுக்குச் சூடு எறங்குறதே காது வழியாத்தான். ஃபேனுக்குக் கிட்டத் தரையில விடுங்க."

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்த வேகம் இப்போது நினைத்தாலும் கை உணர்கிறது. அரைமணி நேரம் போயிருக்கும். வாய் மூடியது. இரைப்பு குறைந்தது. பிறகு தலையைத் தூக்கி என் புடவை முந்தானையைக் கடித்து இழுத்தது. எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் இரண்டையும் காட்டிவிட்டு வந்தோம். அவசரத்தில் அவர் காது, கண், நெஞ்சு மட்டும் பார்த்தார்.

தகரக் கூரையை இவரே கழற்றினார். பின்பக்கம் மதிலோரம் ஒரு புங்கமரம் இருக்கிறது. பங்குனியில் புதுத் தளிர் விட்டு, மத்தியானத்திலும் தரையில் வெளிச்சம் படாத நிழல் தரும் மரம். கூண்டை அதன் கீழே நகர்த்தி, மேலே தென்னங்கீற்று வேய்ந்தோம். நான் கோணிகளைப் பிரித்து, லாரித் தார்ப்பாய்க்குப் போடும் தையல் போட்டு, மூன்று பக்கமும் சுருட்டி ஏற்றி இறக்குகிற திரை தைத்தேன். உச்சி வெயிலில் அதில் தண்ணீர் தெளித்தால் உள்ளே வரும் காற்றே மாறிப்போகும். வாய் அகலமான மண்பானைகள் இரண்டைப் படுக்க வைத்தோம், உள்ளே போய்ச் சாய்ந்துகொள்ள. கூண்டுக்குக் கீழும் முன்னும் வலைவேலி கட்டி, ஓடி விளையாட மண்தரை விட்டோம்; கூண்டிலிருந்து இறங்கி ஏற ஒரு சரிவுப் பலகையும் வைத்தோம். தோண்டி வெளியே போய்விடாமல் வேலியை முழ ஆழம் மண்ணுக்குள் இறக்கினார் இவர். அந்த யோசனை மட்டும் முழுக்க அவருடையது என்று இன்றுவரை சொல்லிக்கொள்வார்.

மண்ணைக் கண்டதும் சாம்பலுக்குப் பித்துப் பிடித்தது. பகலெல்லாம் முன்னங்காலால் பறித்துப் பின்னங்காலால் வாரி இறைத்தது. விளையாடுகிறது என்று விட்டுவிட்டோம். தீவனத்துக்குப் போட்ட வேலிமசால் தழையைக் கட்டுக்கட்டாகத் தின்றது. வயிறு கொஞ்சம் கனத்தது தெரிந்தது. நல்ல தீவனம் என்று பெருமைப்பட்டேன்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலை, சாம்பலைக் காணவில்லை. கூண்டில் இல்லை, பானைகளில் இல்லை, வேலிக்குள் எங்கும் இல்லை. வேலிக் கதவின் கொக்கி போட்டபடி இருந்தது. வலையில் ஒரு கண்கூட விலகவில்லை. மகள் பள்ளி விடுமுறையில் இருந்தாள். அவளும் நானும் தெருக்கோடி வரை ஓடினோம். சாக்கடை ஓரம், காலி மனை முள்ளுக்காடு, நாய்கள் படுக்கும் மணல் குவியல் என்று தேடினோம். அக்கா தன் பூனையைப் பிடித்து வாயை முகர்ந்தே பார்த்துவிட்டார். ஒரு மணி நேரம் அலைந்து, வியர்த்து, திரும்பி வந்து பார்த்தால், சாம்பல் வேலிக்கு நடுவில் உட்கார்ந்து வேலிமசால் தின்றுகொண்டிருந்தது.

மகள் அதைத் தூக்கினாள். தூக்கியவள் பயந்துபோய் என்னிடம் காட்டினாள். வயிற்றிலும் மார்பிலும் மயிரே இல்லை. திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது. சொறி நோய் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைக்கும் ஒட்டிவிடுமோ என்று பிரித்து வைக்கப் போனேன். அதற்குள் மகள் வேலிக்குள் தவழ்ந்து போயிருந்தாள். பானைக்குப் பின்னால், சருகுக்கு அடியில் ஓரிடத்தில் மண் புதிதாக, ஈரமாக, கையால் அமுக்கி மூடியதுபோல இருந்தது. அதன் விளிம்பில் ஒரு கொத்து சாம்பல் மயிர்.

"அம்மா, இங்க காது வெச்சுக் கேளு," என்றாள்.

குனிந்து காதை வைத்தேன். மண்ணுக்குள்ளிருந்து மிக மெல்லிய கிறீச்சிடல் கேட்டது.

டாக்டரம்மாவுக்கு மறுபடி போன். அவர் சிரித்தார். சொறியும் இல்லை, ஒன்றுமில்லை, தன் மயிரைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போட்டிருக்கிறது, வாசலை மண் போட்டு அடைத்திருக்கிறது, அதுதான் அதன் வழக்கம் என்றார். கூட இருக்கிற வெள்ளை பொட்டை இல்லை, கடா என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வளையைத் தொடாமல் விடச் சொன்னார். நானும் அக்காவும் மதிலுக்கு இருபுறமும் நின்று, யாருக்கோ பிரசவம் ஆனதுபோல, திரும்பத் திரும்ப அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்று மணி இருக்கும், கொல்லிமலைப் பக்கம் கறுத்தது. காற்று திரும்பி மண்வாசனை வந்தது. சித்திரையில் கோடை மழை வந்தால் எங்கள் பின்பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வளையின் வாசல் இருந்ததோ அதிலும் தாழ்ந்த மூலையில். இவருக்கு போன் செய்தேன்.

"தோண்டி எடுத்துருலாமுங்களா? தொட்டா தாய் சேத்துக்காதுன்னு அக்கா சொல்றாங்க."

"தண்ணி எறங்குனா சேக்கறதுக்குக் குட்டியே இருக்காது. நீ தோண்டு, நான் வாரேன்," என்றார்.

மண்வெட்டி போட மனம் வரவில்லை. கொட்டாங்குச்சியால் சுரண்டினேன். மகள் மண்ணை அள்ளி விலக்கினாள். வளை நேராக இல்லை, வலதுபக்கம் வளைந்து போனது. தோள்வரை கையை விட்டேன். முதல் சொட்டுகள் முதுகில் விழுந்தபோது என் விரல் நுனியில் பஞ்சு தட்டுப்பட்டது. பஞ்சுக்குள் சூடு. சூட்டுக்குள் ஏதோ நெளிந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். கண் திறக்காத, மயிர் இல்லாத, கட்டை விரல் நீளக் குட்டிகள். அக்கா குடையோடு மதிலில் உள்ள சின்னக் கதவு வழியாக வந்துவிட்டார். தன் தலை நனைந்தாலும் பரவாயில்லை என்று குடையை மகளின் மடிக்கு நேராகப் பிடித்தார். மகள் மடியில் வீட்டில் கிடந்த ஒரு பிளைவுட் பெட்டி, அதில் வைக்கோல், மேலே அந்தத் தாய் பிடுங்கிய மயிர் முழுவதும்.

ஆறு எடுத்தாயிற்று. மறுபடி ஒருதடவை கையை விடச் சொன்னார் அக்கா. விட்டேன். மெத்தையை விட்டு விலகி, ஈர மண்ணில் ஏழாவது கிடந்தது. சில்லென்று இருந்தது, அசைவில்லை.

இவர் அப்போதுதான் பைக்கை உள்ளே ஏற்றினார். முழுக்க நனைந்திருந்தார். குட்டியைக் கேட்டு வாங்கித் துணியால் துடைத்தார். இரும்பு தூக்கித் தடித்துப்போன உள்ளங்கைகள் இரண்டுக்கும் நடுவில் வைத்து, வாய்க்காற்றை ஊதி ஊதிச் சூடேற்றினார். நாங்கள் அவர் கையையே பார்த்திருந்தோம். மழை கொட்டியது. கீற்றில் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

"கால ஒதைக்குது சாமி," என்றார் மகளிடம்.

மகள் அவர் கையைத் திறந்து பார்க்க விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூடியே வைக்கச் சொன்னாள். பிறகு அதையும் மற்ற ஆறோடு நடுவில் வைத்தோம். வளை இருந்த இடத்தில் மழைத் தண்ணீர் சுழித்து இறங்குவதை அக்கா விரலால் காட்டினார்.

பெட்டியைக் கூண்டுக்குள், திரை இறக்கிய பக்கம் வைத்தோம். வெள்ளையை அன்றே தனியாகப் பிரித்து ஒரு மண்பானையோடு மறுபக்கம் விட்டோம், நடுவில் இரட்டை வலை வைத்து. சாம்பல் பெட்டியை ஒருமுறை முகர்ந்துவிட்டு, விலகிப் போய் உட்கார்ந்துகொண்டது. பொழுது சாய்ந்தது. அது கிட்டேயே போகவில்லை. அக்கா சொன்னது சரியாகிவிட்டதோ என்று மறுபடி டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: முயல் நாள் முழுக்க அணைத்துக்கொண்டு படுக்காது, ஒரு வேளையோ இரண்டு வேளையோ சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும், விடிந்ததும் குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள்.

விடியும் முன்னே மூவரும் எழுந்துவிட்டோம். புங்கமரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. திரையைச் சுருட்டி, என் வாசனை குட்டிகளில் ஒட்டாமலிருக்க சாம்பலின் வைக்கோலில் கையைத் தேய்த்துக்கொண்டு, மயிர் மெத்தையை மெல்ல விலக்கினேன். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஒன்றை மல்லாத்தினேன். வயிறு பலூன்போல உப்பி, தோலுக்கு உள்ளே பால் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மகள் சத்தமில்லாமல் விரல் விட்டு எண்ணினாள். ஏழாவது எது என்று பார்த்து யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. எல்லாமே ஒரே அளவு குண்டாக இருந்தன.