ஹன்னா சொல்லச் சொன்னது

புடவையில் காய்ந்த வயல் சேற்றின் வாசனை, அதன் மேல் டெட்டால் வாசனை. இரண்டும் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது... ஆனால் இன்றைக்கும் மூக்கில் பட்டால் அந்த மருத்துவ முகாம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

குடவாசலுக்கு வெளியே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வாரா வாரம் அங்கே மருத்துவ முகாம். நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து நான்கு மருத்துவ மாணவர்கள் சேவை செய்ய வந்திருந்தார்கள். நோயாளிகளைப் பார்த்து, மேற்பார்வைக்கு இருந்த டாக்டரிடம் சொல்வது அவர்கள் வேலை. ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வாத்தியார் மகள், இங்கிலீஷ் பேசுவாள் என்று என்னைப் பிடித்து மொழிபெயர்க்க உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு வாய்த்தவள் ஹன்னா. ஜெர்மனிக்காரி, என் வயதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... எனக்கு அவர்கள் மேல் இளக்காரம்தான். இரண்டு மாதம் தங்கி, புடவை கட்டி போட்டோ எடுத்துக்கொண்டு, நம்மைத் திருத்திவிட்டுப் போகப் போகிறார்களாக்கும் என்று வீட்டில் நக்கலடிப்பேன். ஹன்னா தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டதைக்கூட விட்டுவைக்கவில்லை.

வசந்தா அக்கா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நாற்பத்தைந்து வயது இருக்கும். சம்பா நடவு மும்முரமாக நடந்த நேரம். பதினைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வயல் வயலாக நடவுக்குப் போகிறவர் அவர். அவர் இறங்கினால்தான் மற்றவர்களும் இறங்குவார்கள்.

வலது பாதத்தில் ஒரு புண். சுகர் உண்டு. வலியே இல்லை, அதனால் கண்டுகொள்ளவில்லை என்றார்.

ஹன்னா தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்தாள். டாக்டருக்குப் படிக்கிற பெண் காலைத் தொடுவதா என்று அக்கா பதறி இழுத்துக்கொண்டார். நான்தான் சமாதானம் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தாள் ஹன்னா. தெரிகிறது என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஹன்னா எழுந்துபோய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். புண் ஆறும் வரை சேற்றில் கால் வைக்கவே கூடாது, இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கால் போய்விடும்... இதை அப்படியே சொல், எதையும் குறைக்காதே என்றாள்.

வாயைத் திறந்தேன். எதிரே நெற்றி நிறையக் குங்குமத்தோடு, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அவர் கூட்டத்துப் பெண்கள். நம் ஊரில் விளக்கை அணை என்றுகூட வாயால் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து உனக்குக் கால் போய்விடும் என்று எப்படிச் சொல்வது?

"கால கொஞ்சம் பத்திரமா பாத்துக்கங்கக்கா. முடிஞ்ச வரைக்கும் தண்ணி படாம இருங்க. நேரம் கெடைக்கறப்ப பெரிய ஆஸ்பத்திரில ஒருதரம் காட்டிடுங்க."

சரி பாப்பா என்று எழுந்துகொண்டார்.

நேரம் கிடைக்கும்போதாம்... நடவுக் காலத்தில்! வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த நான் சொன்னேன் அதை.

அவர் ஏன் பயப்படவே இல்லை, எல்லாவற்றையும் சொன்னாயா என்று ஹன்னா கேட்டாள். சொன்னேன், எங்கள் ஊர்ப் பெண்கள் தைரியசாலிகள் என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

லீவு முடிந்து காலேஜுக்குத் திரும்பினேன். ஹன்னா சொன்ன பெரிய ஆஸ்பத்திரி எங்கள் காலேஜுடையதுதான். ஹன்னாவும் ஊருக்குப் போய்விட்டாள். மார்கழியில் எனக்கு சர்ஜரி வார்டில் போஸ்டிங். முதல் நாளே, ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் வசந்தா அக்கா.

வலது பக்கம், முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் சிரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஹன்னா சொல்லச் சொன்னதையும் நான் விழுங்கியதையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"அழாத பாப்பா. நீ சொல்லியிருந்தாலும் நான் எறங்கித்தான் இருப்பேன். நடவ உட்டுட்டு யாரு ஆஸ்பத்திரிக்கு வருவா?"

அது நிஜமாகவும் இருக்கலாம். அழுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கடுமையான வார்த்தை சொல்ல அவருக்கும் வாய் வராமல் போயிருக்கலாம். நான் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தாரோ என்னவோ... இத்தனை வருடமாகியும் எனக்கு விளங்கவில்லை.

ஊருக்குப் போன ஹன்னா, அக்காவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு மெயில் போட்டிருந்தாள். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பதில் வரவில்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது டெல்டாவிலேயே ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். இன்றும் வெளியூர், வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். மொழிபெயர்க்க ஆள் தேடுவதில்லை, கையில் போன் இருக்கிறது. "தங்கள் பாதம் துண்டிக்கப்படலாம்" என்று அது ரேடியோ செய்தி மாதிரி சொல்கிறது. நோயாளிகள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் மாற்றிச் சொல்வேன் என்று.

மாற்றுவதில்லை. "ஆமா, கால் போயிடும்" என்று நானும் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்... ஆனால் சொல்லிவிடுகிறேன்.

அந்த டாக்டரம்மாவுக்குக் கரிநாக்கு, அவர் வாயில் விழாதீர்கள் என்று வெளியே பேசிக்கொள்வதாக நர்ஸ் சொன்னார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்படிப் பேசியவர்களில் ஒருவர் போன வாரம் டிரஸ்ஸிங் மாற்ற வந்தார், இரண்டு காலாலும் நடந்து.