முதல் வரிசை நாற்காலி

வருஷம் முழுக்க வியர்த்து வழிகிற பினாங்கில் கோடை விருந்தாம். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்தே குமுதாவுக்கு எரிச்சல். பத்து காவான் என்கிற ஊரிலுள்ள தொழிற்சாலையில் அவள் சாமான் வாங்கும் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. என்றோ ஒரு தீபாவளிக்கு முறுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த பாவத்துக்கு, கம்பெனியில் யார் தின்றாலும் ஆடினாலும் பொறுப்பு அவள் தலையில்தான்.

ஐரோப்பாவில் இருக்கும் தலைமையகம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. தீவின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் விருந்து. எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். தேதியைப் பார்த்ததும் குமுதா மேனேஜர் ஷர்வினிடம் போய் நின்றாள். ஆடி வெள்ளி, நம் ஆட்களில் பாதிப் பேர் கோழியைத் தொடமாட்டார்கள். அதைக்கூடச் சமாளிக்கலாம். சீனர்களுக்கு அது பேய் மாதமாயிற்றே. தெருவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடத்தி, முதல் வரிசை நாற்காலிகளைச் செத்தவர்களுக்கென்று காலியாக விடுகிற மாதம். அதில் போய், அவர்கள் சாவுக்கு உடுத்துகிற வெள்ளையை உடுத்தி மேடைக்கு முன்னால் உட்காரச் சொன்னால் எவன் உட்காருவான்?

ஷர்வினும் இந்த ஊரில் பிறந்தவன்தான், தெரியாதவனில்லை. "மேலேர்ந்து ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க அக்கா. இந்த ஒரு பார்ட்டிய நல்லபடியா முடிச்சி குடுங்க. அதோட ஒங்கள இந்த வேலையிலேர்ந்து விட்டுர்றேன், சத்தியமா லா" என்றான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

அன்றைக்குச் சனம் வந்தது. வந்ததெல்லாம் இரண்டாவது வரிசையிலிருந்து உட்கார்ந்தது. சீனர்கள் மட்டுமா, மலாய்க்காரர்களும் நம்மவர்களும் அப்படியேதான். பேச எழுந்த வெள்ளைக்காரப் பெரிய அதிகாரி, காலி வரிசையைப் பார்த்து முகம் சுருங்கி, தன்னை யாருக்கும் பிடிக்கவில்லையா என்று ஷர்வினிடம் கேட்டார். ஷர்வின் குமுதாவைப் பார்த்தான். அவள் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சினாள். யாரும் அசையவில்லை.

"மொதல்ல நீங்க போயி ஒக்காருங்கக்கா, நாங்க பாக்குறோம்" என்றாள் கூட வேலை செய்யும் ரூபினி.

விருந்து கெட்டால் சத்தியமும் போச்சு. முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு குமுதா முதல் வரிசை நடுவில் போய் உட்கார்ந்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை. இரண்டு பக்கமும் வெற்று நாற்காலிகள். அதிகாரி முழுப் பேச்சையும் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார். அவளும் பயத்தில் நிறுத்தாமல் கைதட்டினாள்.

கடைசியில் அவர் நெகிழ்ந்துபோய் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். இவ்வளவு ஆர்வமான ஊழியரைத் தாம் எங்கும் கண்டதில்லை என்றார். டிசம்பரில் இதே இடத்தில் குளிர்கால விருந்து, இனி எல்லா விருந்துக்கும் இவர்தான் தலைவி என்று அறிவித்தார். இரண்டாவது வரிசையிலிருந்து கைதட்டல் அதிர்ந்தது.

குமுதா திரும்பி ஷர்வினைத் தேடினாள். எல்லோரையும்விடப் பலமாக அவன்தான் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் நிஜமாகவே ஒரு பேய் உட்கார்ந்திருந்தால், பதவியை அதன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.