எதிரில் வந்த மஞ்சள் டெம்போ

செம்பூரில் வீடு மாற்றியபோது, கண்ணாடி பதித்த பழைய பீரோவை விற்றுவிட்டோம். புது வீட்டில் என் மனைவிக்கு மிஞ்சியது பாத்ரூமில் இருந்த ஒரு சாண் கண்ணாடி. அதில் பொட்டு தெரிந்தால் தலை தெரியாது, தலை தெரிந்தால் புடவை தெரியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போய், மரச்சட்டம் போட்ட இடுப்புயரக் கண்ணாடி ஒன்றை வாங்கினோம். டாக்ஸியில் எடுத்துப் போங்கள் என்று கடைக்காரர் சொன்னதை நாங்கள் இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கூட்டரில் அவள் எப்போதும் போல ஒருபக்கமாக உட்கார்ந்து, கண்ணாடியை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியின் முகம் வெளிப்பக்கமாக ரோட்டைப் பார்த்து இருந்தது.

வழியில் சயான் வந்ததும் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு மஞ்சள் டெம்போ சர்ரென்று வந்தது. நேராக எங்களை நோக்கி வந்த வண்டி, திடீரென்று பேய் கண்ட மாதிரி ஒடித்துத் திரும்பி எங்கள் முன்சக்கரத்தில் இடித்தது. நான் ஒரு பக்கம் விழுந்தேன். என் காலின் மேல் ஸ்கூட்டர் விழுந்தது. மனைவியோ, உட்கார்ந்த வாக்கிலேயே ரோட்டோர மணல் குவியலில் போய் இறங்கினாள். அவள் மீதும் கீறல் இல்லை, கண்ணாடியிலும் கீறல் இல்லை.

டெம்போ டிரைவர் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர். ஓடிப்போகாமல் என்னைத் தூக்கித் தன் வண்டியிலேயே முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மனைவியும் கண்ணாடியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கணுக்கால் வலியில் நான் முனக, அவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"எதுத்தாப்புல ஒரு டெம்போ வந்துச்சு சார். நம்ம வண்டி மாதிரியே மஞ்சக் கலரு. நான் கைய ஆட்டுதேன், அவனும் ஆட்டுதான். நான் ஒடிச்சேன், அவனும் ஒடிச்சான். மொதல்ல அவனப் புடிக்கணும்."

அவனைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரும் ஓடிப்போன இரண்டாவது டெம்போவைப் பற்றி அக்கறையாக எழுதிக்கொண்டார். அந்த ஓட்டுநருக்கும் மீசை உண்டு, சிவப்புச் சட்டை என்று நம் டிரைவர் அடையாளம் சொல்ல, பக்கத்தில் நின்ற மனைவி அவருடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் சிவப்பு.

"ஏன்னா, அது நான் வெச்சுண்டிருந்த கண்ணாடின்னா" என்றாள்.

டிரைவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப அவன் நாந்தானா?" என்று கேட்டார்.

எலும்பு முறிந்திருந்ததால் நஷ்டஈடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டோம். டெம்போவுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அந்தக் கம்பெனியின் வக்கீல் ஒரு சுறுசுறுப்பான இளம்பெண். ஓடும் வண்டியில் ரோட்டைப் பார்த்துக் கண்ணாடி பிடித்தால் எந்த டிரைவரும் ஏமாந்துபோவார், ஆகவே பாதிப் பிழை எங்களுடையது என்று வாதாடினார். கண்ணாடியை நேரில் காட்ட வேண்டும் என்றும் கேட்டார்.

கொண்டுபோனோம், இந்த முறை டாக்ஸியில். எங்கள் முறை வரும்வரை வராந்தாச் சுவரில் சாய்த்து வைத்தோம். போகிற வருகிற வக்கீல்கள் எல்லாம் அதன் முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். எங்களுக்கு எதிராக வாதாடிய அந்தப் பெண்ணும் கிளிப்பைக் கழற்றித் தலையைத் திருத்திக்கொண்டுதான் உள்ளே போனார்.

கண்ணாடியின் முகத்தை ஏன் தன் பக்கம் திருப்பவில்லை என்று மனைவியைக் கேட்டார்கள். திருப்பினால் பின்பக்கத்து ஆணி ரோட்டில் போகிறவர்களைக் கீறும் என்றோ வேறு ஏதாவதோ சொல்லும்படி எங்கள் வக்கீல் சொல்லிவைத்திருந்தார். அவள் அதை மறந்து, செம்பூர் வரைக்கும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று இந்தியில் திருப்பிக் கேட்டுவிட்டாள். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது டிரைவர். அவர் கையாட்டியதை விவரமாக ஆட்டிக் காட்டினார். நீதிபதி நிதானமாக, மறு கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டார். அதில் மொபைல் இருந்தது, வீட்டுக்காரி காய்கறிக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அப்படியானால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யார் என்று நீதிபதி கேட்டார். டிரைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் முழங்கால் என்றார். உண்மையைச் சொன்ன நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் வக்கீல் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிறவன் நின்று பார்த்துத்தான் வரவேண்டும், எதிரில் வந்தது நிஜமான டெம்போவாக இருந்தாலும் அதுதான் முறை என்றது தீர்ப்பு. முக்கால் பங்கு பிழை டிரைவருக்கு. அவ்வளவு பெரிய கண்ணாடியை ஸ்கூட்டரில் ஏற்றியதற்காகக் கால் பங்கு எங்களுக்கு. நஷ்டஈட்டில் அவ்வளவு குறையும்.

வெளியே கேன்டீனில் நாங்களும் டிரைவருமாக மூவரும் டீ குடித்தோம். அந்தக் கால் பங்கு ஸ்கூட்டர் ஓட்டிய என்னுடையது என்றாள் மனைவி. பிடித்திருந்த கை யாருடையது என்று நான் கேட்டேன். பேச்சு கொஞ்சம் சூடானது. டிரைவர் டீயைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்ட போடாதீங்கம்மா. வேணும்னா அதையும் எம்பேர்லயே எழுதச் சொல்லிருவோம்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே எழுந்து கோர்ட்டுப் பக்கம் நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து அவரை உட்காரவைக்க எங்கள் இரண்டு பேர் பலமும் வேண்டியிருந்தது.