ஊசியம்மாவின் தலையசைப்பு

மருத்துவமனைத் துணிக்கிடங்கில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துவந்தவளை எல்லாரும் ஊசியம்மா என்றார்கள். ஞாயிறுதோறும் சபையில் ஜெபத்தைத் தொடங்குகிறவளும் அவள்தான். அவள் கண்ணை மூடினால் சுவர்ப்பல்லிகூட வாலை ஆட்டாது. திறப்பதற்குள் வெளியே நிறுத்திய சைக்கிளில் துருவேறிவிடும். அந்த வாயில் பக்கவாதம் ஒரே ஒரு சொல்லைத்தான் மிச்சம் வைத்தது: "நாயே."

கஞ்சி ஊட்டிய மகளுக்கு "நாயே." ஊசி போட்ட நர்ஸுக்கும் "நாயே." நாத்தனார் சிரித்தாள். "அண்ணி இத்தன வருஷமா அடக்கி வச்சது இப்பத்தான் வெளிய வருது!" தனக்கும் ஒன்று கிடைத்தபோது, "ஐயையோ, இது பிசாசு வேலை" என்றாள்.

"பிசாசெல்லாம் இல்லம்மா," என்றார் மூளை டாக்டர். "பேச்சுக்கான இடம் செத்துப்போச்சு. திட்டு வேற வழியா வருது, அது தப்பிச்சிடுச்சு."

"அப்போ விசுவாசம் எந்தப் பக்கம் டாக்டர்?" என்று கேட்டார் போதகர்.

"ஸ்கேன்ல தெரியாது பாஸ்டர். உங்ககிட்ட மெஷின் இருந்தா குடுங்க."

சாவதற்குள் ஒருமுறை நற்கருணை அப்பம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஊசியம்மாவின் ஆசை. போதகரின் அப்பப் பெட்டியைப் பார்த்ததுமே நல்ல கையை நீட்டினாள். ஆனால் கேட்காமல் கொடுப்பது அந்தச் சபையில் இல்லை. பேச முடியாதவர் தலையசைத்தாவது சம்மதம் சொல்ல வேண்டும்.

"கிறிஸ்துவ விசுவாசிக்கிறீங்களாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி கேட்டார். இன்னும் வேகமாக ஆட்டினாள், கையும் நீண்டபடியே இருந்தது. கை உடம்பின் ஆசை, தலைதான் மனசின் பதில் என்று முடிவுகட்டிய போதகர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அவள் அழுத அழுகையில் தலையணை நனைந்தது.

அன்று மாலை மகள் கேட்டாள்: "கஞ்சி வேணுமாம்மா?" இல்லை என்று தலையாட்டிவிட்டு ஊசியம்மா வாயைத் திறந்தாள்.

மகள் டாக்டரிடம் ஓடினாள். "ஆமாவும் இல்லையும் இடம் மாறிடும்மா. சில பேருக்கு அப்படி ஆகும்," என்றார் அவர்.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?"

மகள் சொல்லியனுப்ப, மறுநாள் காலையில் போதகர் தலைதெறிக்க ஓடிவந்தார். கேள்வியே கேட்காமல் அப்பத்தைக் கையில் எடுத்தார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடிகாலைல மூளைல இன்னொரு அடைப்பு, பாஸ்டர். விழுங்குற சக்தி போயிடுச்சு. ஒரு துணுக்கு போனாலும் நுரையீரல்ல இறங்கிடும்."

"சாகப்போறவங்களுக்கு என்ன சார் நுரையீரல்?" என்றாள் மகள்.

"மூச்சுத் திணறியா சாகணும்?"

எடுத்த அப்பத்தைப் பெட்டியில் திரும்ப வைக்கக் கூடாது என்பதும் அந்தச் சபையின் முறை. போதகர் கட்டிலோரம் நின்று அதைத் தானே மென்று விழுங்கினார். ஊசியம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.