பச்சைக்கல் மைக்கூடு

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி வீட்டில் சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். தனியாக வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பார்க்கிற வேலை அவருக்கு. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, துவாயில் சுற்றிய பாரமான சாமான் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மனிசி தானாத் தூக்கித் தந்தது. வேண்டாமெண்டாலும் விடேல்லை."

பச்சைக்கல்லில் ஒரு தட்டு. அதன்மேல் வெண்கல அல்லிக்கொடி வளைந்து வளைந்து போய் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைச் சுற்றிப் பிடித்திருந்தது. கிண்ணங்களுக்கு மொட்டுப்போல மூடி. முன்னால் நீளமாக ஒரு பள்ளம். என்ன சாமான் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"வெத்திலைத் தட்டமப்பா. ஒண்டு சுண்ணாம்புக்கு, மற்றது பாக்குக்கு" என்றார் அப்பா.

"ஓம், வெள்ளைக்காரன் வெத்திலை போட்டுத் துப்பிக்கொண்டு திரிஞ்சவன்" என்றார் அம்மா. பிறகு அதைக் கழுவித் துடைத்து, சாமிப் படங்களுக்கு முன்னால் வைத்து, ஒரு கிண்ணத்தில் திருநீறும் மற்றதில் குங்குமமும் நிரப்பினார். பள்ளத்தில் ஊதுபத்திகள் படுத்துக்கொண்டன. அதற்கென்றே செய்ததுபோலத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் பயம். இவ்வளவு வடிவான சாமானை யாராவது சும்மா கொடுப்பார்களா? சின்னம்மாவின் அகதி வழக்கு வேறு முடியவில்லை. களவெடுத்தது என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டி, லிப்ட் கதவு திறக்கிற சத்தத்துக்கெல்லாம் பதறினேன்.

பயந்தபடியே ஒரு சனிக்கிழமை கிழவியின் மகன் வந்துவிட்டார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துத் தானும் சப்பாத்தைக் கழற்றினார். சாமிப் படங்களுக்கு முன்னால் இருந்ததைக் கண்டதும் போய் ஒரு மூடியைத் திறந்தார். விரல் வெள்ளையானது. ஏதோ சொன்னார்.

"உது மைக்கூடாம். தகப்பன்ரை மேசையிலை இருந்ததாம்" என்று சின்னம்மா மெல்லச் சொன்னார்.

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "கொட்டிக் கழுவித் தாறனெண்டு சொல்லடி."

வந்தவர் தலையை ஆட்டி மறுத்தார். மூடியைப் பக்குவமாகப் பழையபடி வைத்தார். பிறகு யன்னலோரம் நின்று சின்னம்மாவோடு நெடுநேரம் கதைத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வகுப்பில் ஒன்றுக்குப் போகக் கேட்கிற அளவுதான். போகும்போது சின்னம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

பொலிஸ் வரவில்லை. சாமானும் எங்களுக்கே. பிறகு எதற்குச் சின்னம்மா குசினியில் நின்று அழுகிறார்?

"மறதி கூடிப்போச்செண்டு மனிசியை வயோதிபர் ஹோமிலை விடப்போயினமாம். அங்கை பாக்கிறதுக்கு வேறை ஆக்கள் இருக்கினமாம்" என்றார் அம்மாவிடம்.

ஆட்கள் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது சின்னம்மா வீட்டில் இருந்தார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

"நாளைக்கும் நிப்பீங்களோ?"

"ஓம்."

"நாளையிண்டைக்கும்?"

"ஓம்" என்றார். நான் துள்ளிக் குதித்தேன்.