அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கூடை கோவைப்பழம்

கோவைப்பழத்தை விஷம் என்று சொன்ன மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் செத்து எத்தனையோ வருஷமாகிறது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சலவைக்கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறார். இருக்கட்டுமே. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தை மாதம், சம்பா அறுவடை. கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெருவே சேர்ந்து நின்றது. ஆண்டைகள் அசைவார்களா? வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மா நட்டு, அம்மா களை பறித்த வயலை யாரோ அறுத்துக் கட்டுவதை வாய்க்கால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இனிமேல் நம்ம ஆட்சி என்று தேர்தலில் தொண்டை கிழியக் கத்தி, கூரையில் கட்சிக்கொடி கட்டியவர் அப்பா. கூலிக்காக ஆள் திரட்டினார் என்று அந்த ஆட்சியின் போலீஸ்தான் அவரைத் தேடியது. அவர் கீழ்வேளூர்ப் பக்கம் ஓர் உறவுக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள். அன்றைக்கு ஒவ்வொரு வீடும் விளைச்சலில் கொஞ்சம் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் அம்மாவின் கூலி நெல்லில் ஒரு மரக்கால் போகும். அந்த வருஷம் நெல்லுக்கு எங்கே போவது? வெறுங்கையோடு கோயிலுக்கு வரமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எதையும் கிண்டலாகத்தான் பேசுவார். ஆண்டவர் நெல்லு மட்டும்தான் வாங்குவாரா, வேலியில் இருப்பதை வேண்டாம் என்பாரா என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு போனார். வாய்க்கால் புறம்போக்கில் நின்ற கிளுவை வேலி முழுக்கக் கோவைக்கொடி ஏறிச் சிவக்கச் சிவக்கப் பழுத்துக் கிடந்தது. அதோடு ஐவிரலிக் கொடியும் பின்னிக் கிடந்தது. அதன் பழமும் சிவப்புதான். தின்றால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

"காயில ரெண்டுக்குமே வெள்ளைக்கோடு இருக்கும். பழுத்தா கோவைக்குக் கோடு அழிஞ்சிடும், அதுக்கு அழியாது. கோடு தெரிஞ்சுதுன்னா கைய எடுத்துடு" என்றார் மாமா.

நான் ஒவ்வொரு பழத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பறித்தேன். வேலிக்குள் சூரை முள் வேறு, கையெல்லாம் கீறல். கிளி கொத்தியதை, எறும்பு ஏறியதை ஒதுக்கினேன். மாமா தின்றுகொண்டே பறித்தார். நான் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. ஆண்டவருக்குக் கொடுக்கப்போகிற பொருளாயிற்றே! கூடை நிறைந்தபோது அதைவிட அழகான காணிக்கை அந்தக் கோயிலுக்கே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலம் விட்டவர் ஆண்டைகளின் நிலத்தை மேற்பார்க்கிற பண்ணை ஏஜெண்டு. சபைக்கும் அவர்தான் பொருளாளர். லாரியில் ஆள் இறக்கிய புண்ணியவானும் அவரேதான். பூசணிக்காய் போனது, வாழைத்தார் போனது, காலைக் கட்டிய சேவல்கூட நல்ல விலைக்குப் போனது. பிறகு என் கூடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"இத எவ கொண்டாந்து வச்சா? வேலியில கெடக்குற விஷம். எவனாவது தின்னுட்டுச் செத்தா நானா பதில் சொல்றது?"

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அவர் வீட்டு அடுப்பில் அதே கொடியின் காய் வறுவலாக வேகும். காயாக இருந்தால் கறி, நாங்கள் பழமாகக் கொண்டுவந்தால் விஷமா? கோடு இல்லை, நான் பார்த்துத்தான் பறித்தேன் என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஏஜெண்டு கூடையைத் தரையில் வைத்துக் காலால் ஓரமாகத் தள்ளினார். காலால்!

எங்கள் தெருக்காரர்கள் நின்ற கடைசி வரிசையிலிருந்து அம்மா வந்தாள்.

"வெஷம் இல்லீங்க. எம்புள்ள பாத்துதான் பறிச்சிருக்கா" என்றாள்.

குனிந்து ஒரு பழத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினாள். சிரிப்பு நின்றுபோனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏஜெண்டு சரி சரி, போ என்பது போலக் கையை ஆட்டினார்.

அம்மா போகவில்லை. இன்னொரு பழத்தை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. அப்படியே தரையில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. விரலில் வழிந்த சாற்றையும் விடவில்லை. கடைசிப் பழம்வரை தின்றுவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குள் ஏஜெண்டு அவசர அவசரமாக அடுத்து இருந்த தேங்காய்க் குலைக்குப் போயிருந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? ஏஜெண்டை விட்டுவிட்டு அம்மா மேல் திரும்பிவிட்டது. விஷம் இல்லை என்று காட்ட ஒரு பழம் போதாதா? கை கிழிபட்டு நான் ஆண்டவருக்கென்று பறித்ததை இவள் உட்கார்ந்து காலி பண்ணுவாளா? வீடு வரும்வரை அம்மாவோடு பேசவில்லை. மாமாவிடம் போய், அம்மா அத்தனையும் தின்னுட்டா என்று அழுதேன். ஏதாவது கிண்டல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலை நின்ற அந்த நாட்களில், இருக்கிற கஞ்சியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் அப்புறம் குடிக்கிறேன் என்பாள் அம்மா. அவள் குடித்து நான் பார்த்ததில்லை. கேட்கவும் தோன்றவில்லை. என் மானத்துக்காகத்தான் அவள் கூடையைக் காலி செய்தாள் என்று ஊரெல்லாம் பிறகு பேசிக்கொண்டது. நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். முதல் பழத்தை மட்டும்தான் அவள் எனக்காகத் தின்றாள்.